பெட்டி மட்டும் புறப்பட்டது

குடை பெட்டிக்குத்தான். எனக்கில்லை.

அம்மா பெட்டியின் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வந்தாள். பெட்டியைச் சுமந்த நான் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தேன். "நீ நனைஞ்சா தலையைத் துவட்டிக்கலாம். பெட்டி நனையப்படாது, கேட்டியோ" என்றாள். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவின் அகலம் மிஞ்சிப்போனால் பதினைந்து அடி இருக்கும். அந்தப் பதினைந்து அடியைத் தாண்டி, எதிர்வீட்டு ராமய்யர் மாமாவின் கூடத்து மூலையில் பெட்டியை இறக்கினேன்.

"யாத்திரை ஆரம்பிச்சாச்சு" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்படியொரு திருப்தி.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலில் சாரதா நின்றுகொண்டிருந்தாள். மலைக்குப் போகவேண்டும் என்று கேட்ட என் மனைவி வாசற்படியில் நிற்க, அவளுடைய பெட்டி முதலில் கிளம்பிவிட்டது.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வரும் அழகைப் பற்றி இரண்டு வாரம் முன்பு இந்த வாராந்திரப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, 'ஊரெல்லாம் எழுதுகிறீர்கள், உங்கள் மனைவியைப் பற்றி மட்டும் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லையே' என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கடிதத்தைச் சாரதாவிடமே காட்டினேன். "எழுதுங்கோ. ஆனா உள்ளதை எழுதுங்கோ" என்றாள். ஆகவே இந்த வாரம் சிரிப்பு குறைவு.

நாற்பத்தோரு நாள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். ஜூன் தொடக்கத்தில், இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் எங்கள் குழந்தை இறந்துபோனான். நாற்பத்தோரு நாள் இருந்தான். முதலில் சளி என்றார்கள், அப்புறம் நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தோம். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் எங்கள் வழக்கம். பெண்கள் வரக்கூடாது. நானும் சித்தப்பாவும் புரோகிதம் பண்ணும் வாத்தியாரும் ஆற்றோரம் போய்விட்டு வந்தோம். வீட்டில் மற்றவர்களுக்கு ஒரு முழுக்கோடு தீட்டு போயிற்று. சாயங்காலம் அம்மா தூளியை அவிழ்த்தாள். வசம்பு வளையல், கிலுகிலுப்பை, துணிமணி எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி யாரிடமோ கொடுத்தனுப்பினாள். கண்ணில் பட்டால் பெண் அழுவாளே என்று அவளுக்குக் கவலை. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

சாரதா அழவில்லை. அழ இடமில்லை என்பதுதான் உண்மை. அம்மா, சித்தப்பா, சித்தி, அவர்கள் இரண்டு பெண்கள், நாங்கள் இருவர் என்று ஏழு பேர். எங்கள் அறைக்கும் சித்தப்பா அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அதுவும் உத்தரம் வரைக்கும் எட்டாது. அடுத்த வீடுகளோ சுவரோடு சுவர். அங்கே யாராவது தும்மினால் எங்கள் வீட்டிலிருந்தே 'தீர்க்காயுசு' சொல்லலாம். ஒரே ஒரு தடவை, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். அம்மாவும் சித்தியும் ஓடி வந்துவிட்டார்கள். "அழாதேடீ, பிள்ளை பெத்த ஒடம்பு, தாங்காது" என்று ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் சூடாகக் காபியும் வந்தது. அதோடு அவள் விம்முவதையும் விட்டுவிட்டாள்.

என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "எங்க வெச்சேள்?"

"அதெல்லாம் கேக்கப்படாது சாரதா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். என்ன மனுஷனோ நான். அதற்குப் பிறகு சாதம் வேணுமா, மோர் வேணுமா என்பதைத் தவிர அவளிடமிருந்து பேச்சு கிடையாது.

மலைக்குப் போலாமா

திருவனந்தபுரத்து மழையில் துணி காயாது. குடும்பத்துத் துணி மொத்தமும் சமையலறைக் கொடியில், அடுப்புச் சூட்டில் தொங்கும். ஆபீஸுக்குப் போகும்போது என் சட்டையில் சாம்பார் வாசனை வரும். ஒரு சாயங்காலம் சாரதா என் சட்டையை அடுப்புக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் காபிக்காக நின்றிருந்தேன்.

"ஏன்னா, எங்கயாவது மலைக்குப் போலாமா? ரெண்டே நாள்."

"இந்த மழையிலயா?"

"மழையிலதான்." சட்டையைத் திருப்பிப் போட்டாள். "மழை அடிச்சுப் பெய்யறப்போ அழுதா யாருக்கும் கேக்காது, அல்லே?"

அந்த 'அல்லே' அவளுடைய பள்ளிக்கூடத்து மலையாளம். பல வாரங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அதைக் கேட்டேன். சரி என்றேன்.

ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரன் சாக்கோவிடம் பக்கத்து மலையான பொன்முடியின் பேரைச் சொன்னதும் அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "ஈ மழையத்தோ? அவிடெ அட்ட மாத்ரமே உள்ளு, சாரே!" மழைக்கால மலையில் அட்டைகளைத் தவிர வேறொன்றும் இல்லை என்கிறான். ஆனாலும் நல்ல மனுஷன். யாரையோ பிடித்து, உச்சியில் உள்ள விடுதியில் சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கு ஓர் அறை வாங்கிக் கொடுத்தான். அந்த மழையில் எங்களைத் தவிர யாரும் அங்கே அறை கேட்டிருக்க மாட்டார்கள். திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னதும் ஆளாளுக்கு யோசனை. "அங்க போய் என்னத்தைப் பாக்கறது? நாலு பக்கமும் பொகை மாதிரி மூட்டம்" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டுத் தன் குரங்குக் குல்லாவைக் கொண்டுவந்து நீட்டினார். டார்ச்சுக்குப் புது பேட்டரியும் போட்டுக் கொடுத்தார். "மூணாருன்னா நாங்களும் வருவோமே" என்று சித்தி இழுத்தாள். நான் காதில் விழாத மாதிரி இருந்தேன். அம்மா புளிக்காய்ச்சல் கிளறினாள். சாக்கோ சொன்னபடி அட்டைக்குக் கல்லுப்பு ஒரு துணி மூட்டை. கடித்த இடத்தில் அந்த மூட்டையால் ஒற்றினால் அட்டை சுருண்டு விழுந்துவிடுமாம்.

சாரதா கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு பட்டியல் எழுதினாள். கம்பளி, கொசுவத்தி, பழைய செருப்பு. "தம்பானூர்லேர்ந்து ஆறரை பஸ்தானே?" என்று மூன்று தடவை கேட்டாள். அந்த வாரம் இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்த இரண்டு நாளில் இவள் வாய்விட்டு அழுதுவிட்டால் போதும், பழைய சாரதா திரும்பி வந்துவிடுவாள் என்று நான் உறுதியாக நம்பினேன். அங்கே அவள் மறுபடியும் என்ன கேட்பாள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

கர்க்கடகம் பிறப்பதற்குள்

எல்லாம் சரியாக இருந்தது, அம்மா பஞ்சாங்கத்தை எடுக்கும் வரை.

நாங்கள் கிளம்பவேண்டிய சனிக்கிழமைக்கு முன்பே கர்க்கடகம் பிறந்துவிடுகிறது. எங்களுக்கு ஆடி, இந்த ஊருக்குக் கர்க்கடகம். எப்படிச் சொன்னாலும் எங்கள் வீட்டில் யாரும் படி இறங்காத மாசம். "கர்க்கடகத்துல யாத்திரையா? அதுவும் இந்தப் பொண்ணை அழைச்சுண்டா? ஒண்ணு போனது போறாதா?" என்றாள். அப்புறம் தான் சொன்னது தனக்கே தாங்காமல் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கடைசி நல்ல நாள் புதன்கிழமை. எனக்கு லீவு இருந்தால்தானே?

வழி சொன்னவர் சித்தப்பா. "பரஸ்தானம் வெச்சுட்டாப் போறது."

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நல்ல நாளில் நம்மால் கிளம்ப முடியாவிட்டால், நமக்குப் பதிலாக நம் பெட்டி கிளம்பலாம். நல்ல வேளை பார்த்துப் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பிரயாணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் நமக்குச் சௌகரியப்பட்ட நாளில் போகிற போக்கில் எடுத்துக்கொள்ளவேண்டியதுதான். இடையில் பெட்டியைத் திறக்கக்கூடாது. முக்கியமாக, பிரயாணம் முடியாமல் அது வீடு திரும்பக்கூடாது.

சித்தப்பா வாலிபத்தில் பம்பாய்க்கு இன்டர்வியூவுக்குப் போனபோது இப்படித்தான் பெட்டி மூன்று நாள் முன்னால் போனதாம். வேலை கிடைத்துவிட்டது. பம்பாய் ஒத்துக்கொள்ளாமல் ஆறாவது மாசமே அவர் திரும்பி வந்ததை யாரும் பரஸ்தானத்தின் மேல் போடுவதில்லை.

எனக்கும் இந்த ஏற்பாடு பிடித்துத்தான் இருந்தது. அம்மாவுக்கு மனசு சமாதானம், எங்களுக்குப் பொன்முடி. செவ்வாய்க்கிழமை சாரதா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே பெட்டியை அடுக்கினாள். நான் மூடியை அழுத்திப் பிடித்தேன், அவள் பூட்டினாள். சாவியை ஊக்கில் கோத்துத் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டாள். புதன்கிழமை காலையில் நான் நனைந்ததும் பெட்டி நனையாததும்தான் உங்களுக்கு முன்பே தெரியுமே.

டெலிபோனில் வந்த தீட்டு

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"மணி, எதிராத்துல தீட்டுடா."

ராமய்யர் மாமாவுக்கா, மாமிக்கா என்று பதறினேன். இருவரும் நன்றாகத்தான் இருந்தார்கள். நாக்பூரில் மாமாவின் பங்காளி ஒருவர் போய்விட்டாராம். காலையில் டெலிபோன் வந்ததாம். மாமா அவரைப் பார்த்தே முப்பது வருஷம் ஆகியிருக்கும். ஆனாலும் பங்காளி பங்காளிதான். பத்து நாள் தீட்டு. அந்த வீட்டுக் கூடத்தில் எங்கள் பெட்டி.

மாமா தன் வாசலில் நின்று, மழைச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார். "மணீ! பெட்டியை எடுத்துண்டு போடா! போனவன் மொகமே எனக்கு ஞாபகமில்லே. பெட்டிக்கு என்னடா தீட்டு? சாரமில்லே, ஒண்ணும் ஆயிடாது, வா!"

"அவர் நல்ல மனசுல சொல்றார். நாம தொடப்படாது" என்றாள் அம்மா.

பெட்டியை விட்டுவிட்டுப் போகலாமா என்றால் அதற்குச் சித்தப்பா சம்மதிக்கவில்லை. "பொறப்பட்டது பெட்டியாக்கும். அதை விட்டுட்டுப் போனா நீ கர்க்கடகத்துல பொறப்பட்டவனாயிடறாய். அப்புறம் பரஸ்தானத்துக்கு என்ன அர்த்தம்?" எடுத்துக்கொண்டும் போகக்கூடாது, எடுக்காமலும் போகக்கூடாது. இதைவிட இறுக்கமாக ஒரு முடிச்சை யாராலும் போட முடியாது.

அப்போது சாரதா சமையலறையிலிருந்து வந்தாள். கல்யாணமாகி வந்த நாளாக அவள் பெரியவர்கள் நடுவில் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"ஒரு பையில ரெண்டு துணி எடுத்துண்டாப் போறும். பஸ் நாளைக்குக் காலம்பற ஆறரைக்குத்தானே. நாம போலாம், வாங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

"பாக்கலாம்" என்றேன்.

எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் விடிகாலையில் அவள் குளித்து, நீலப் புடவை கட்டிக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மஞ்சள் பை. நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். கூடத்துக் கடிகாரம் ஆறு அடித்தது. ஆறரைக்கு ஒன்று அடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, பழைய புடவைக்கு மாறி, பையை ஆணியில் மாட்டினாள்.

"வெந்நீர் போடறேன். எழுந்து குளியுங்கோ" என்றாள்.

அடுத்த புதன்கிழமை பேப்பரில் செய்தி வந்தது. பொன்முடிப் பாதையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மண் சரிந்து பஸ் போக்குவரத்து நின்றுவிட்டது. "பாத்தியா! பத்மநாபன் காப்பாத்தினான்" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போயிருந்தால் நாங்கள் திங்கட்கிழமையே வீடு திரும்பியிருப்போம். அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அந்தப் பேப்பரைப் பார்த்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது போல இருந்தது.

உப்பு

பதினோராம் நாள் எதிர்வீட்டில் தீட்டுக் கழிக்கும் புண்யாஹவாசனம் முடிந்ததும் பெட்டியை எடுத்து வந்தேன். இந்தத் தடவை குடை கிடையாது. எப்படியும் எல்லாவற்றையும் நனைக்கத்தான் வேண்டும். நேரே கிணற்றடிக்குக் கொண்டுபோகச் சொன்னாள் அம்மா. அங்கே தகரக் கூரை போட்ட ஒரு துவைகல் உண்டு. அம்மா வாளியோடு தயாராக நின்றாள்.

"நான் தோச்சுக்கறேம்மா. நீங்க உள்ள போங்கோ" என்றாள் சாரதா. அவள் சொன்ன விதத்தில் அம்மா வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பூட்டைத் திறந்ததும் பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது. அட்டைக்கென்று வைத்த கல்லுப்பு மூட்டை ஈரக் காற்றில் கசிந்து, பாதி கரைந்து, பெட்டியின் அடி முழுதும் உப்புத் தண்ணீர். என் கம்பளி, அவளுடைய இரண்டு புடவை, குரங்குக் குல்லா. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துண்டில் சுற்றி, நாடா வைத்த ஒரு சின்னச் சட்டை. மஞ்சள் நாடா. என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும்.

மூட்டை கட்டிய அன்று அம்மாவுக்குத் தெரியாமல் அதை மட்டும் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள்.

சட்டையைத் துவைகல்லில் விரித்துச் சோப்புப் போட்டாள். அடிக்கவில்லை, விரலால் மெதுவாகத் தேய்த்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள். "இதைக் கையில வெச்சுண்டு, மலைமேல உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். எங்க வெச்சேள்? அந்த எடத்தை மட்டும் சொல்லுங்கோ. நான் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

குழந்தையைக் கொண்டுபோன அன்று ஆற்றோரம் நல்ல மழை. குழியில் இறக்கும்போது சித்தப்பா, "மொகத்தைத் திருப்பிக்கோடா" என்றார். திருப்பிக்கொண்டேன். "வரச்சே திரும்பிப் பாக்கப்படாது" என்றார். பார்க்கவில்லை. குடையின் வளைந்த கைப்பிடி ஞாபகம் இருக்கிறது. வரிசையாகத் தென்னை மரங்கள், எல்லாம் ஒரே மாதிரி. ஒரு வாரம் கழித்து ஆபீஸிலிருந்து யாருக்கும் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். ஆற்றுத் தண்ணீர் கரையேறி, மண்ணெல்லாம் ஒன்றாகக் கிடந்தது. எந்த மரத்தடி என்று எனக்குத் தெரியவில்லை.

"தெரியாது சாரதா" என்றேன். "நான் பாக்கல்லே."

அந்த வெள்ளிக்கிழமை என்னை நிறுத்தியது கர்க்கடகமும் இல்லை, தீட்டும் இல்லை. மலை உச்சியில், யாரும் இல்லாத இடத்தில், இந்தப் பதிலை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அம்மாவின் பஞ்சாங்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஊரின் பேரிலும் உலகத்தின் பேரிலும் பழி போடுகிற நான், இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

"தெரியாதா?" என்றாள்.

அப்புறம் அழுதாள். துவைகல்லின் மேல் கவிழ்ந்துகொண்டு, அடிவயிற்றிலிருந்து, குரலெடுத்து அழுதாள். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது ஒன்றையும் மறைக்கவில்லை. வீட்டில் அத்தனை பேரும் கேட்டார்கள். எதிர்வீட்டு மாமாவுக்கும் கேட்டிருக்கும். சித்தி கொல்லைப்பக்கம் ஓடி வந்தாள். அம்மா கதவருகில் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். யாரும் காபி கொண்டுவரவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அவள் தோளைத் தொடலாமா என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

அந்தப் பதிலுக்காக அவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. கேட்க இன்றைக்கும் பயம்தான். பொன்முடிக்கு நாங்கள் போகவே இல்லை. பின்னால் மழையில்லாத மாசங்களில் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். "இப்ப என்னத்துக்கு?" என்பாள்.

அன்று அவள் அந்தச் சட்டையை ஒளிக்கவில்லை. சமையலறைக் கொடியில், எல்லோருடைய துணிக்கும் நடுவில், பட்டவர்த்தனமாக உலர்த்தினாள். கர்க்கடகத்தில் எது காய்கிறது? நாலு நாள் தொங்கியது. சித்தப்பா உள்ளே வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் காபிக்குப் போனேன். அடுப்பங்கரையில் அம்மா மட்டும் இருந்தாள். கொடிக்குக் கீழே நின்று, அந்தச் சட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நாடாவை நீவிவிட்டு, அடுப்பின் சூடு படுகிற இடமாகப் பார்த்துப் போட்டாள். திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"உள்ள இன்னும் ஈரம் இருக்குடா மணி" என்றாள்.